இந்த வாரக் குட்டு

சிறப்பிதழின் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே அக்கா முகத்தைச் சுளித்தாள். தம்பி கோட்டு மாட்டிக்கொண்டு முப்பத்திரண்டு பல்லும் தெரிய இளித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பேப்பரின் முதலாளி. கீழே கொட்டை எழுத்தில், 'வளர்ச்சிக்குத் தோள்கொடுத்த வரலாறு.'

வரலாறாம். யார் தோள், எவன் வளர்ச்சி?

அந்த வாரப் பத்திரிகைக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. ஊரில் ஒருத்தரும் அதைச் சொன்னதில்லை. காசில்லாமல் கிடைப்பதால் எல்லோருக்கும் அது 'ஓசி'. முடிவெட்டும் கடையிலும் பல் டாக்டர் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் அடுக்கிவைத்திருப்பார்கள். படித்துவிட்டு ஜன்னல் கண்ணாடி துடைப்பார்கள். அதில் அக்காவுக்கு வருத்தமே இருந்ததில்லை. படித்துவிட்டுத்தானே துடைக்கிறார்கள்.

ஆரம்பித்தது அக்காவும் தம்பியும்தான். டயர் கடைக்கு மேலே ஓர் அறை. ரப்பர் நாற்றம் தலைமுடிவரை ஏறும். விளம்பரம் கொடுக்கிறவன் வீட்டுச் சாக்கடையைப் பெரிய பத்திரிகைகள் பன்னீர் என்று எழுதிக்கொண்டிருந்த காலம். "நாம சாக்கடைய சாக்கடைன்னு எழுதுவோம்க்கா" என்றான் தம்பி. அப்போது அவன் வாயிலிருந்து அப்படியும் வார்த்தைகள் வரும்.

குட்டும் அவன் யோசனைதான். இரண்டாம் பக்க மூலையில் ஒரு கட்டம். முன்பு செய்த தப்பை ஒப்புக்கொண்டு சரியானதைச் சொல்லவேண்டும். தலைப்பு, 'இந்த வாரக் குட்டு'. தப்பாக எழுதியவரே தன் தலையில் குட்டிக்கொள்ள வேண்டும், பெயரோடு. வேறு யாரும் அவருக்காக எழுதக்கூடாது. கடைசி நிமிஷத்திலும் தப்பு கண்ணில் படும் என்பதால், ஆசிரியரான தம்பி அச்சுக்குப் போகும் பக்கத்தில் கையெழுத்துப் போடும்போது அந்தக் கட்டம் வெள்ளையாகவே இருக்கும். அச்சகத்தில் உட்கார்ந்துதான் நிரப்புவார்கள். ஊரில் பாதிப் பேர் ஓசியை எடுத்ததும் முதலில் குட்டைத்தான் தேடினார்கள்.

அப்புறம் அந்தத் தண்ணீர்த் தொட்டி விழுந்தது. ஜனங்கள் குடிவந்து வருஷம்கூட ஆகாத அடுக்குமாடி. மொட்டைமாடித் தொட்டி தூணோடு பெயர்ந்து வாசலில் வந்து இறங்கியது. பெரிய பத்திரிகைகள் மழையின்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கை கழுவின. அக்கா நேரில் போய் உடைந்த தூணைத் தொட்டுப்பார்த்தாள். உதிர்ந்து கையோடு வந்தது. கம்பி இருக்கவேண்டிய இடத்தில் பாதி வெறும் ஓட்டை. கட்டியவர் பெயரைப் போட்டே எழுதினாள். அந்த வாரம் ஓசிக்கு வரிசையில் நின்றார்கள்.

ஆனால் எழுதியதில் ஒரு தப்பு நேர்ந்துவிட்டது. செத்தது இரண்டு பேர் என்று போட்டிருந்தாள். அங்கே வீட்டுவேலை செய்த ஒரு பெண், ஆஸ்பத்திரியில் கிடந்து, பேப்பர் வந்த பிறகு போய்ச்சேர்ந்தாள். அவள் புருஷன் படியேறி வந்து, "எம் பொண்டாட்டியையும் சேத்துப் போடுங்கம்மா" என்றான்.

அக்கா குட்டு எழுதிக் கொடுத்தாள். பேப்பர் வந்தபோது அந்தக் கட்டத்தில் ஒரு மெத்தைக் கடை விளம்பரம் இருந்தது. கடைசிப் பக்கம் முழுக்க, முதல் தடவையாக, அந்த அடுக்குமாடியைக் கட்டிய அதே முதலாளியின் விளம்பரம். தம்பியே அச்சகத்துக்குப் போய்க் காரியத்தை முடித்துவிட்டு வந்திருந்தான்.

"எடம் இல்லக்கா" என்றான்.

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. அவருடைய திறப்புவிழாவுக்கு, அவருடைய பிறந்தநாளுக்கு, அவர் நட்ட செடிக்கு. கடைசியில் அவர் பேப்பரையே வாங்கிவிட்டார். அலுவலகம் கண்ணாடிக் கட்டடத்துக்கு மாறியது. அங்கே எந்நேரமும் ஒரு வாசனைத் திரவத்தைப் பீய்ச்சுகிறார்கள். ரப்பர் நாற்றம் எவ்வளவோ தேவலை என்று அக்கா நினைப்பாள். குட்டை மட்டுமாவது காப்பாற்றுகிறோம் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டு, எழுத்துப்பிழை திருத்தியபடி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

சிறப்பிதழ் அச்சுக்குப் போகவேண்டிய அன்று தம்பி அவள் மேசைக்கு வந்து நின்றான். "அக்காஆஆ" என்று அவன் இழுத்தாலே ஏதோ வில்லங்கம்.

"சிறப்பிதழ்க் குட்டுல அந்தத் தொட்டி விஷயத்தத் திருத்தணும்க்கா. முதலாளியே சொல்றாரு."

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். "செத்தது மூணு பேருன்னு திருத்தவா?"

"ஐயோ, அத விடு. கட்டடத்துல கோளாறுன்னு எழுதினது தப்பு, காத்தும் மழையும்தான் காரணம்னு ரெண்டு வரி."

"நீயே எழுதிக்கயேன்."

"நீ எழுதினதுக்கு நீதான குட்டிக்கணும்? உன் பேரு இருந்தாத்தான் ஊரு நம்பும். பெருசா புதுக் கட்டடம் ஆரம்பிக்கிறாரு, அவனவன் பழசக் கிளர்றான். எழுதலேன்னா பேப்பரையே இழுத்து மூடிடுவாராம்."

செத்தவர்களின்மேல் பூசி மெழுக, அவள் கட்டிக்காத்த கட்டத்தையே கேட்கிறான். அவன் கழுத்திலிருந்தும் அதே வாசனை வந்தது. இவனுக்கா சோறு ஊட்டி வளர்த்தோம் என்று அக்காவுக்கு அருவருப்பாக இருந்தது.

"சரி. தப்பத் திருத்திடறேன்" என்றாள்.

"நீதான்க்கா என் தெய்வம்" என்று சொல்லி, வெள்ளைக் கட்டத்தோடு பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சிறப்பிதழ் வெளியீட்டு விழாவின் மேடையைப் பார்க்க ஓடினான். அச்சகத்துக்கு அவன் வரவில்லை. கோட்டில் மை ஒட்டிவிடுமே.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. ஓசிதானே, ஆளுக்கொரு பிரதி கையில். முதலாளி மேடையில் பெருந்தன்மை வழியப் பேசினார். "தப்பு பண்ணினா ஒத்துக்கிற பத்திரிகை இது. இன்னைக்குக் குட்டை ஆசிரியர் வாயாலயே கேளுங்க."

தம்பி மைக்கைப் பிடித்துக் கணீரென்று ஆரம்பித்தான். "தண்ணீர்த் தொட்டி விழுந்த செய்தியில், இறந்தவர்கள் இரண்டு பேர் என்று எழுதியிருந்தேன். தவறு..." அடுத்த வரிக்குக் கண் போனதும் நிறுத்திவிட்டு, பேப்பரைக் கண்ணருகே கொண்டுபோனான்.

முன்வரிசையில் ஒரு பெரியவர், அவன் கண்ணாடியை மறந்துவிட்டு வந்துவிட்டான்போலிருக்கிறது என்று நினைத்து, தன் பிரதியைப் பார்த்து உரக்க உதவி செய்தார். "மூன்று பேர். மூன்றாவது, அங்கே வீட்டுவேலை செய்த பெண். தூணில் பாதிக் கம்பி இல்லை என்று எழுதியதில் தவறு எதுவும் இல்லை."

பக்கம் புரளும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்னாலிருந்து ஒருவன், "குட்டு வெளிப்பட்டுடுச்சுடோய்!" என்று கத்தினான். முதலாளி யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப்போனார்.

தம்பி கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல், அக்கா உட்கார்ந்திருந்த கடைசி வரிசைக்கு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"பேப்பர் போச்சேக்கா."

"அது மெத்தை வித்த அன்னைக்கே போச்சுடா" என்றாள் அக்கா. "குட்டுதான் இன்னைக்கு வந்திருக்கு."