கோபோ கடித்த செருப்பு

1

இந்தக் கதை ஒரு செருப்பிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன பிப்ரவரியில், ஜப்பானில் ஒதாரு என்ற ஊரில் எங்கள் வீட்டுச் சரிவுக்குக் கீழே இருக்கும் விலங்கு ஆஸ்பத்திரிக்குப் பூனையின் காதுச் சொறிக்காகப் போயிருந்தேன். எதிர் நாற்காலியில் அறுபது வயதுப் பெண் ஒருத்தி. மடியில் ஆண்கள் போடும் பழுப்பு நிற வீட்டுச் செருப்பு, ஒற்றை. குதிகால் பக்கம் ஒரு வாய் அளவு காணோம். செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் மனுஷியை இந்த ஊரில் இருபத்திரண்டு வருஷமாக நான் பார்த்ததில்லை. நம் ஊரில் கேட்கவே வேண்டாம்.

நர்ஸ் வந்து அவளிடம், "ஃபெரெட்டுக்கு மயக்கம் குடுத்தாச்சு. ஆபரேஷன் முடிய ஒரு மணி நேரம் ஆகும்" என்றாள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது.

(இவ்வளவுதான் என்பது பொய். கடைசியில் வருகிறேன்.)

2

முதல் தொடக்கம்: "மிட்சுயோவுக்குச் சின்ன வயதிலிருந்தே பிராணிகள் என்றால்" – வேண்டாம். அப்படி ஆரம்பித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: "பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு" – ஒதாருவில் பிப்ரவரியில் பனி கொட்டாமல் பூவா கொட்டும்?

மூன்றாவதுதான் நின்றது. தோகாஷி மிட்சுயோவின் கணவர் ஹிசாவோ, இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் வாசல் பனியை அள்ள இறங்கினார். வீட்டுச் செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார். மிட்சுயோ வழக்கம்போல அந்த ஜோடியைத் திருப்பி, முனை வீட்டுக்குள் பார்க்க வைத்தாள். திரும்பி வந்து ஏறுகிறவர் குனியாமல் காலை நுழைத்துக்கொள்ளலாம். அவர் ஏறவில்லை. அள்ளிய பனிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. தினமும் காலையில் தூசி தட்டி, அதே இடத்தில் அதே மாதிரி வைக்கிறாள்.

(அந்த மனிதரைக் கொன்றது நான். நிஜத்தில் அவர் ஒற்றைச் செருப்போடு வீட்டில் முணுமுணுத்துக்கொண்டு இருந்திருக்கலாம். கதைக்குக் கனம் வேண்டும் என்று கொன்றேன். ஒரு வரியில் வேலை முடிந்தது.)

3

கோபோ என்ற அந்த ஃபெரெட்டுக்கு ஐந்து வயது. கீரிப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட தம்பி போல நீளமாக, பழுப்பாக இருக்கும். மண்ணிலிருந்து பிடுங்கிய கோபோக் கிழங்கு மாதிரியே இருந்ததால் அந்தப் பெயர். வளர்த்தவர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். "நல்ல வீடு தேவை. கொஞ்சம் கடிக்கும்" என்று ஆஸ்பத்திரிப் பலகையில் ஒட்டியிருந்ததைப் பார்த்து மிட்சுயோ கேட்டு வாங்கினாள்.

டாக்டர் நுகாகா கறாரான மனுஷர்.

"மொத வாரம் தூக்கிக் கொஞ்சாதீங்க. பழைய வீட்டுப் போர்வையத் துவைக்காமப் போடுங்க, அந்த வாசனை அதுக்கு வேணும். அதே தீனியக் குடுங்க, மாத்தணும்னா கொஞ்சங்கொஞ்சமாக் கலந்து மாத்துங்க. அறை ரொம்ப சூடாகக் கூடாது."

"சாப்பிடலைன்னா, டாக்டர்?"

"அரை நாள் தாண்டக் கூடாது, தூக்கிட்டு வந்துடுங்க. அப்புறம் ரப்பர். ரப்பரக் கண்டா அதுக்குப் புத்தி கெட்டுடும். கடிச்சு முழுங்கிச்சுன்னா குடலு அடைச்சுக்கும். ஒண்ணு விடாம எடுத்து வெச்சுடுங்க."

கூண்டைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தவள் ஹிசாவோவின் தங்கை கிமிஎ. இரண்டு பேரும் முழங்காலில் நகர்ந்து வீட்டைச் சலித்தார்கள். வெங்காயத்தாள் கட்டிய ரப்பர் பேண்ட், அழிப்பான், குளியல் தொட்டி அடைப்பான் எல்லாம் ஒரு டப்பாவுக்குள் போயின. ரிமோட்டுக்கு பாலித்தீன் உறை மாட்டினார்கள்.

"இது, அண்ணி?" கிமிஎ வாசற்படியைக் காட்டினாள்.

"அது ரப்பர் இல்ல."

"அடி பூரா ரப்பர்தான், தொட்டுப் பாருங்க."

"அது உன் அண்ணனோடது."

"ரெண்டு வருஷமாச்சு அண்ணி. செருப்புக்காகத் திரும்பி வரப்போறாரா?"

"வந்தா வெறுங்காலோட நிப்பாரா? தரை எப்படி ஜில்லுன்னு இருக்கு, பாரு."

கிமிஎ டப்பாவை மூடினாள்.

(இங்கே அந்தச் செருப்பை வைக்கோல் செருப்பாக மாற்றிப் பார்த்தேன். ஆபத்து போய்விடும். ஆனால் அந்தப் பெண்ணின் மடியில் நான் பார்த்தது ரப்பர். கட்டியதை எத்தனை தரம் வேண்டுமானாலும் மாற்றலாம். கண்ணால் பார்த்ததை மாற்றக் கை வரவில்லை.)

4

முதல் நாள் காலையிலிருந்து கோபோ தீனியை மோந்துகூடப் பார்க்கவில்லை. பழைய போர்வையையும் உதறிவிட்டு மூலைக்கு மூலை ஓடியது. மிட்சுயோ கடிகாரத்தையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சாயங்காலம் சத்தமே இல்லை. தேடிப் போனால், இடது செருப்புக்குள் தலையை விட்டு, உடம்பைச் சுருட்டி அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. வால் மட்டும் வெளியே.

"வந்துட்டீங்களா" என்றாள் மிட்சுயோ. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள்.

எழுந்ததும் கோபோ கிண்ணத்தைக் காலி செய்தது. அதன்பின் அந்தச் செருப்பை எடு என்று அவளிடம் யார் சொல்ல முடியும்?

நான்காம் நாள் டாக்டருக்கு போன்.

"செத்துப்போச்சு டாக்டர்! தூக்கினா ஈரத்துணியாட்டம் தொங்குது!"

"நான் குடுத்த சத்து எண்ணெய மூக்குல கொஞ்சம் தடவுங்க."

"தடவி... ஐயோ, நக்குது!"

"செத்தது நக்காது, தோகாஷி சான். அதோட தூக்கமே அப்படித்தான். பழகிக்கங்க."

பழகிக்கொண்டாள். சமையல் தராசில் வாராவாரம் எடை பார்த்தாள், நகம் வெட்டினாள், மலம் கெட்டியா இளக்கமா என்று குனிந்து ஆராய்ந்தாள். எடை ஏறியது. கிமிஎகூட வந்து பார்த்துவிட்டு, "அண்ணன விட இது நல்லா சாப்பிடுது" என்று போனாள்.

5

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தூசி தட்ட எடுத்தபோது இடது குதிகாலில் ஒரு கடி. அதிரசத்தை ஒரு ஓரம் கடித்த மாதிரி. மிட்சுயோ அந்தத் துண்டைச் சோபாவுக்கு அடியில், கூண்டில், போர்வை மடிப்பில் எல்லாம் தேடினாள். இல்லை.

போனைக் கையில் எடுத்தாள். டாக்டர் முதல் கேள்வியே "செருப்பு ஏன் வெளியில இருந்துச்சு?" என்று கேட்பார். அடுத்தது எறியச் சொல்வார். போனை வைத்துவிட்டு, செருப்பை இருந்த மாதிரியே வைத்தாள்.

(இந்த இடத்தில் நான் அவளைக் கத்திக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆசிரியன்தானே, ஒரு தொலைபேசி மணியாவது அடிக்க வைத்திருக்கலாம்.)

புதன்கிழமை கோபோ எழவில்லை. தூக்கிப் பார்த்தாள், ஈரத்துணி மாதிரி தொங்கியது. அது தூங்கும் அழகுதான் அவளுக்குத் தெரியுமே. மத்தியானம் கிண்ணம் அப்படியே இருந்தது. மூக்கில் எண்ணெய் தடவினாள். நாக்கு வெளியே வரவில்லை.

கோட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினாள். இன்னொரு கையில் செருப்பு.

"என்ன முழுங்கிச்சு?" என்றார் டாக்டர்.

அவள் செருப்பை மேஜையில் வைத்தாள். "இவ்வளவு."

"எப்போ?"

"நேத்து காலைல."

"நேத்தே ஏன் வரல?"

"இன்னிக்குத் தூங்குதுன்னு நெனச்சேன்."

அது பாதிதான். கேட்டது நேற்றைப் பற்றி, அவள் சொன்னது இன்றைப் பற்றி. டாக்டருக்கு அதைத் துருவ நேரமில்லை.

6

முடிவுகள்.

(அ) துண்டு வெளியே வருகிறது, கோபோ பிழைக்கிறது. மிட்சுயோ வீட்டுக்குப் போய் இரண்டு செருப்பையும் குப்பையில் போடுகிறாள். கிமிஎவுக்குப் பிடிக்கும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு உயிர் பிழைத்ததற்காக இன்னொருவரை ஏன் வீட்டைவிட்டு அனுப்ப வேண்டும்?

(ஆ) டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, மாஸ்க்கைக் கழற்றி –

முடியவில்லை. ஒரு மனுஷரை ஒரே வரியில் கொன்ற எனக்கு, ஒரு கிலோகூட இல்லாத ஒரு பிராணியைக் கொல்லக் கை வரவில்லை.

(இ) ஹிசாவோவை எழுப்பிவிடுவது. அவர் உயிரோடு இருந்தால் அந்தச் செருப்புக்குக் காவல் தேவையில்லை, கிமிஎ அன்றைக்கே டப்பாவில் போட்டிருப்பாள், கோபோ கடித்திருக்காது. எழுதியும் பார்த்தேன். ஆனால் அவர் இருந்தால் மிட்சுயோ அந்தப் பலகையின் முன் நின்று படித்திருக்கவே மாட்டாள். கோபோ வேறு யார் வீட்டிலோ, எதையோ கடித்துக்கொண்டிருக்கும்.

7

ஒளித்து வைத்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நர்ஸ் போனதும் அந்தப் பெண் செருப்பை மடியிலிருந்து எடுத்தாள். குனிந்து தரையில் வைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத் திருப்பினாள். கடிபட்ட குதிகால் அறுவை அறையின் கதவைப் பார்க்க, முனை எங்கள் பக்கம். உள்ளேயிருந்து வருகிறவர் நேராக நுழைந்துகொள்ளலாம்.

என்னைப் பார்த்து, "இதுக்குள்ளதான் தூங்கும்" என்றாள்.

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். எத்தனை வயசு, என்ன பேர், யாருடைய செருப்பு என்று கேட்டிருக்கலாம். அந்த நேரம் என் பூனையின் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பாடா என்று எழுந்து போனேன். நான் வெளியே வந்தபோது நாற்காலியும் தரையும் காலியாக இருந்தன. அதற்குப் பிறகு பத்துத் தடவையாவது அங்கே போயிருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லாததால்தான் கதை எழுதினேன்.

கதவு திறப்பதற்கு முன்னாலேயே நான் எழுந்து போய்விட்டேன். நீங்கள் இன்னும் அங்கேதான், அவளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். கதவு திறந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம். அவளிடம் ஏதாவது பேசுங்கள். அதுவரைக்கும் அந்தச் செருப்பை யாரும் காலால் தட்டித் திருப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.