மூன்றாவது காப்பி

ஜெபசிங் இறந்து சரியாகப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தபோது அவருடைய போன் மறுபடியும் அடித்தது. பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்த அஜிதா, பையிலிருந்து அதை எடுத்துப் பார்த்தாள். 'தம்பானூர் லாட்ஜ்' என்றிருந்தது. அவர் ஆட்களின் பெயரைப் போட்டு வைப்பதில்லை. கட்டடத்தின் பெயரைத்தான் போட்டு வைப்பார். கரமனை டீச்சர் வீடு. விழிஞ்ஞம் மாடி வீடு. கல்லாறு ரிசார்ட்.

பெட்டியின் தலைமாட்டில் இருந்த பெரியம்மா முகத்தைச் சுளித்தாள். "அந்தப் போன ஆஃப் பண்ணி வையேன் பிள்ள."

"வேண்டாம்," என்றாள் அம்மா பிரேமா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. "எடு மக்கா. அவிய எடுக்காம விட்டதில்ல."

அஜிதா அடுக்களை வழியாகப் பின்பக்கம் போய் எடுத்தாள்.

"ஜெபசிங்கே, உச்சிமாகாளியாக்கும். எருநூத்தி மூணுல பாத்ரூம் சொவரு கசிஞ்சு கீழ ரூமுல சொட்டுது. ஒரு பிளம்பர் பயலக் கூட்டியாந்துருக்கேன், சுத்தியலத் தூக்கிட்டு நிக்கான். லைன் எந்த வழி போவுதுன்னு சொல்லு வே."

"நான் அஜிதா. அப்பாவுக்க மொவ."

"ஆங், மோளே. அப்பாட்ட குடு."

"அரை மணி நேரம் கழிச்சுக் கூப்பிடுதேன் மாமா."

"அரை மணி நேரமா? அதுக்குள்ள இவன் லாட்ஜையே பேத்துருவானே!"

போனை வைத்தாள். அப்பா இறந்துவிட்டார் என்று அவள் இன்னும் ஒருவரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் அண்ணன் பிரஜின் சொல்லிவிட்டான். லாட்ஜ்காரர் எப்படியோ விட்டுப்போயிருக்கிறார்.

ஜெபசிங் பிளம்பர். இருபது வயதில் மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறி எல்லை தாண்டி மலையாள ஊருக்கு வந்து, நேமத்தில் வீடு கட்டியவர். ஊரில் அவரைவிட வேகமாகப் பைப் போடுகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர் செய்ததை ஒருவரும் செய்யவில்லை. சுவரில் காடி வெட்டிப் பைப்பைப் பதித்த பிறகு, கொத்தனார் பூச வருவதற்கு முன்னால், வேலையை நிறுத்திவிட்டு அந்தச் சுவரைப் படம் எடுப்பார். பைப்பின் பக்கத்தில் சிவப்புச் சாக்பீஸால் அளவு எழுதி எடுப்பார். "பூசினா மூடிரும். மூடினதுக்குப் பொறவு பாக்கதுக்குக் கண்ணு வேணும்லா," என்பார். பதினேழு வருடம். நானூற்றுப் பன்னிரண்டு கட்டடம். ஒவ்வொன்றுக்கும் முன்னறைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர். சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றால்கூட அவரைக் கேட்டுவிட்டு அடிக்கிற வீடுகள் உண்டு. கேட்ட இரண்டாம் நிமிடம் படத்தைத் திறந்து, "ஒரு சாண் தள்ளி அடியுங்க," என்று சொல்லிவிடுவார்.

கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது அஜிதாதான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"மூணு காப்பி வேணும்ப்பா. கம்ப்யூட்டர்ல ஒண்ணு, தனி டிஸ்குல ஒண்ணு. மூணாவது வீட்டுக்கு வெளிய இருக்கணும். வீடே போனாலும் அது இருக்கும்லா."

"வெளியன்னா எங்க?"

"இன்டர்நெட்ல போட்டு வைக்கலாம்."

"அது ஆருக்க கம்ப்யூட்டர்?"

"ஏதாவது கம்பெனிக்கதுதான். அமெரிக்காவுல இருக்கும்."

ஜெபசிங் சாயாவைக் கீழே வைத்தார். "ஊரான் வீட்டு பாத்ரூம் சொவரக் கொண்டு அமெரிக்காவுலயா வைக்கணும்? என்னை நம்பித்தானே மக்கா உள்ள விட்டாவ."

அதோடு அந்தப் பேச்சு நின்றது. டியூஷன் எடுத்த காசில் அவள் ஒரு டிஸ்க் வாங்கினாள். சனிக்கிழமைதோறும் அவளே காப்பி எடுத்தாள். மூன்றாவதைப் பற்றி இருவரும் பிறகு பேசவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவர் அவளுடைய பென் டிரைவைக் கேட்டார். "பாட்டு கேக்கணும்," என்றார். எதில் கேட்பார் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஐப்பசியை ஒட்டிய துலா மாதத்து மழை மத்தியானத்துக்கு மேல்தான் வரும். வருவதற்கு முன்னால் இடி வரும். முதல் உறுமல் கேட்டதும் அந்தத் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். ஜெபசிங் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பார்.

பதினோரு நாளுக்கு முந்திய சனிக்கிழமை, காப்பி முடிய இன்னும் பதினான்கு நிமிடம் இருப்பதாகத் திரை காட்டியது. மொட்டைமாடியில் தொட்டி கழுவப் போன அப்பா இறங்கி வந்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்தார். பிரஜின் ஆட்டோவுக்கு ஓடினான். தெற்கே வானம் உறுமியது. வாசலில் ஒரு காலை வைத்தபடி அஜிதா திரும்பிப் பிளக்கைப் பார்த்தாள். பாதியில் பிடுங்கினால் டிஸ்க் கெட்டுவிடும். பதினான்கு நிமிடம்தானே என்று நினைத்தாள். போய்விட்டாள்.

சாயங்காலம் துணி எடுக்க வந்தபோது முன்னறையில் கருகிய வாடை. கம்ப்யூட்டர் கடைக்காரர் டிஸ்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கம்ப்யூட்டருக்கும் அதே கதி. டிஸ்கைப் பழைய ரெக்கார்டு நோட்டுகளுக்கு அடியில் வைத்தாள். கம்ப்யூட்டரை எப்போதும் போல உறை போட்டு மூடினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்ததும் கேட்டார். "சனிக்கிழம காப்பி எடுத்தியா?"

"எடுத்தாச்சுப்பா."

"மிடுக்கி," என்று மெச்சினார்.

அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

முற்றத்துப் பந்தலில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. வந்தவர்களில் பாதிப் பேரை அம்மாவுக்கே தெரியவில்லை. எல்லாம் வீட்டுக்காரர்கள். கரமனை கோமதியம்மாள் டீச்சர் ஊன்றுகோலோடு வந்திருந்தாள்.

"போன மாசம்கூட வந்தானே. வேலையும் இல்லே, ஒண்ணும் இல்லே, சும்மா வந்து சாயா குடிச்சுட்டுப் போனான். இனி என் வீட்டுல ஒரு குழாய் மாத்தணும்னா நான் யாரைக் கேப்பேன்?"

"அஜிட்ட எல்லாம் இருக்கு டீச்சர்," என்றான் பிரஜின். அழுது வீங்கிய முகத்தில் அவனுக்குப் பெருமை பொங்கியது. "ஒரு படம் பாக்கியில்லாம காப்பி எடுத்து வச்சிருக்கா. அப்பா அத சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ."

அஜிதா தலையைக் குனிந்துகொண்டாள். பையில் போன் அதிர்ந்தது. அரை மணி நேரம் ஆகியிருக்கவில்லை. பின்பக்கம் போகும்போதே முடிவு செய்தாள். படம் இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

"மாமா, படம் வந்து..."

"படம் ஆருக்கு வேணும்? எனக்க கையிலல்லா இருக்கு. பாத்துத்தான் ஒண்ணும் மனசிலாவல."

"எந்தப் படம்?"

"ஒங்கப்பன் தந்ததுதான். ஓணத்துக்கு முன்ன ஸ்கூட்டர்ல வந்து ஒரு கவர் தந்தான். லாட்ஜ் ஆதாரப் பத்திரத்தோட சேத்து வையி, தொலைச்சியோ கொன்னுருவேன்னான். உள்ள பூரா கடையில பிரிண்ட் போட்ட போட்டோ. மேல என்னமோ எழுதிருக்கான், நில்லு, கண்ணாடியப் போடுதேன்." காகிதம் சரசரத்தது. அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். "'மூன்றாவது காப்பி. வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டியது. சொன்னது அஜிதா, பி.எஸ்சி., பிசிக்ஸ்.' அது நீதானா மோளே?"

அஜிதா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான்."

"அப்ப நீயே சொல்லு. நி ரெண்டு மூணு, த நாலு ஒண்ணுன்னு சொவத்துல எழுதிருக்கு. அளந்து ரெண்டு டைல ஒடச்சாச்சு. பைப்பக் காணும்."

"நி கதவு நிலை. அதுலயிருந்து ரெண்டடி மூணு இஞ்சு. த தரை. படத்துல தரையில டைல் இருக்கா?"

"இல்ல. வெறும் காங்கிரீட்டு."

"அப்பா அதுலயிருந்துதான் அளந்துருக்காவ. பொறவு டைல் ஒட்டித் தரை ரெண்டரை இஞ்சாவது ஒசந்துருக்கும். இப்ப மூணடி பத்தரைல தட்டச் சொல்லுங்க. பைய."

சுத்தியல் சத்தம் கேட்டது. நாலு தட்டு. பிறகு யாரோ கூவினார்கள்.

"கெடச்சாச்சு! பைப்பு வளையிற எல்போவாக்கும்! ஒங்கப்பன் பெரிய ஆளு மோளே. கூப்பிடு அவன, ரெண்டு ஏச்சு ஏசிட்டு வைக்கேன்."

"அப்பா நேத்து சாயங்காலம் எறந்துட்டாவ, மாமா. பன்னெண்டு மணிக்கு அடக்கம்."

"வாறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வைத்தார்.

அஜிதா முகத்தைக் கழுவிக்கொண்டு பந்தலுக்கு வந்து, டீச்சரின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தாள். "டீச்சர், அப்பா வந்தப்ப கவர் ஏதாவது தந்தாவளா?"

"தந்தானே. வீட்டு ஆதாரத்தோட வைக்கச் சொன்னான். நான் உன் கல்யாணக் குறி, அதான் பத்திரிகையாக்கும்னு நெனச்சு, தேதி பாக்கலாம்னு ஆசையா பிரிச்சா, பூரா பைப்பு!"

முன்வரிசையில் இருந்த இன்னொருவர் திரும்பினார். "எனக்கும் தந்தார்." அவருக்குப் பின்னால் ஒரு பெண் தலையாட்டினாள்.

நானூற்றுப் பன்னிரண்டில் எத்தனை வாசலுக்கு அந்த ஸ்கூட்டர் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. போகாத வீடுகளும் இருக்கும்.

பதினொன்றரைக்குப் போதகர் வேதம் வாசித்து முடித்து, குடும்பத்திலிருந்து யாராவது இரண்டு வார்த்தை சொல்லலாம் என்றார். பிரஜின் மைக்கை வாங்கினான். வந்தவர்களுக்கு நன்றி சொன்னான். "அப்பா செஞ்ச வேல எல்லாம் எனக்க தங்கச்சி கம்ப்யூட்டர்ல பத்திரமா வச்சிருக்கா. நீங்க ஒருத்தரும் வெசனப்பட வேண்டாம்," என்றான். மைக்கை இறக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் துடைத்தான்.

அஜிதா எழுந்தாள். வகுப்பில் செமினார் எடுக்க வேண்டிய நாளில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டவள் அவள். அண்ணனின் கையிலிருந்து மைக்கை எடுத்தபோது அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

கேட்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முழங்கை வரை சிமென்ட் தூசியோடு உச்சிமாகாளி இறங்கினார். கக்கத்தில் ஒரு காக்கிக் கவர் இருந்தது.

"கம்ப்யூட்டர் எரிஞ்சு போச்சு," என்றாள் அஜிதா. மைக் அவள் குரலைத் தெருமுனை வரை கொண்டுபோனது. "டிஸ்கும் எரிஞ்சு போச்சு. இடி வந்தப்ப பிளக்கப் பிடுங்காம விட்டது நான்தான். காப்பி எடுத்தாச்சுன்னு அப்பாட்ட பொய் சொன்னேன். எங்க வீட்டுல இப்ப ஒரு படமும் இல்ல."

அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. நாற்காலிகளில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அப்பா அத உங்க வீட்டுலயாக்கும் வச்சிருக்காவ."