நன்னிலம் பக்கம் ஒரே ஆள்

கண்டக்டர் தமிழ்மாறனுக்கும் அந்தக் கல்லூரிப் பெண்களுக்கும் காலையிலேயே முட்டிக்கொண்டது. நன்னிலத்தில் ஏறிய பன்னிரண்டு பேரும் பெரிய பெரிய பைகளைப் போட்டுப் படிக்கட்டை அடைத்துவிட்டார்கள்.

"இது என்ன லாரியா? பையை எடும்மா."

"எடுக்கத்தானே போறோம் சார், அதுக்குள்ள ஏன் கத்துறீங்க" என்று கபடி அணியின் கேப்டன் வானதி திருப்பிக் கொடுத்தாள். கும்பகோணம், தாராசுரம் எல்லாம் தாண்டித் தஞ்சாவூர் வரும்வரை இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வண்டி காலியானதும் கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு துணிப்பை கிடந்தது. உள்ளே முழங்காலுக்குப் போடும் உறைகள், மேலே வானதியின் பெயர். டைம் கீப்பரிடம் கொடுத்துவிட்டுத் தமிழ்மாறன் சாப்பிடப் போயிருக்கலாம். ஆனால், 'இது இல்லாம ஆடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்' என்று அவள் தோழியிடம் சொன்னது காதில் விழுந்திருந்தது. அடுத்த டிரிப் மூன்றரைக்குத்தான். டிரைவர் இராஜாங்கத்திடம் சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோவில் மைதானத்துக்குப் போனார்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அன்று இறுதி ஆட்டம். வானதி பையை வாங்கி உறைகளை மாட்டிக்கொண்டாள்.

"காலைல அப்படிப் பேசியிருக்கக் கூடாது சார்."

"நானும்தாம்மா. போய் ஆடு."

திரும்பக் கிளம்பியவர் அப்போதுதான் கவனித்தார். எதிரணி உள்ளூர்க் கல்லூரி; அவர்கள் பக்கம் இரண்டு பஸ் கூட்டம், பேண்டு செட் வேறு. நன்னிலம் பக்கம் வரிசையாகக் காலி நாற்காலிகள்தான். மனசு கேட்கவில்லை. அஞ்சு நிமிஷம் இருந்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தார்.

வானதி பாடிப் போனாள். என்ன சொல்லி உற்சாகப்படுத்துவதென்று அவருக்குத் தெரியவில்லை. முப்பது வருஷமாக வாயில் ஊறியதுதான் வந்தது.

"போலாம் ரைட்."

எதிர்ப்பக்கம் ஒரே சிரிப்பு. வானதி இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். அடுத்து எதிரணிப் பெண் பாடி வந்தபோது நன்னிலத்துப் பெண்கள் அவள் காலைக் கவ்விப் பிடித்தார்கள். "ஹோல்டான், ஹோல்டான்" என்று தமிழ்மாறன் எழுந்தே விட்டார். பிடி தளரவில்லை. பயிற்சியாளர் இர்ஃபானா திரும்பிப் பார்த்து, "நிறுத்தாதீங்க சார், சொல்லிக்கிட்டே இருங்க" என்றார்.

அது பேண்டு செட்டுக்கு அடங்குகிற குரல் இல்லை. முகூர்த்த நாள் நெரிசலில் முன்படியில் நின்று பின்படிக்குக் கேட்கவைத்த குரல்.

மூன்று மணிக்கு இராஜாங்கம் தேடிக்கொண்டு வந்தார். "என்ன மாறா, வண்டி எடுக்க வேணாமா?"

"இந்த ஒரு ரெய்டுண்ணே."

அந்த ஒன்று முடிவதற்குள் இராஜாங்கமும் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார்.

கடைசி ரெய்டு வந்தது. உள்ளூர் அணி இருபத்தாறு, நன்னிலம் இருபத்தைந்து. வானதி அவுட்டாகி வெளியே இருந்தாள். பாடிப் போனவள் எழில்மொழி, அணியிலேயே சின்னவள். ஒருத்தியைத் தொட்டுத் திரும்பும்போது இன்னும் மூன்று பேர் அவள் மேல் விழுந்தார்கள். நடுக்கோட்டுக்கு ஒரு முழம்தான் இருந்தது. டிரைவரும் கண்டக்டரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். எழில்மொழி நாலு பேரையும் இழுத்துக்கொண்டு ஊர்ந்தாள். விரல் நுனி கோட்டைத் தொட்டது. நடுவர் நான்கு விரல்களை உயர்த்தினார்.

பரிசளிப்பைப் பார்க்க நேரமில்லை. மூன்றரைக்கு வண்டி கிளம்பியது. ஏறிய ஒவ்வொருவருக்கும் டிக்கெட்டோடு அந்தக் கடைசி ரெய்டையும் கிழித்துக் கொடுத்தார் தமிழ்மாறன். அன்றைய டிரிப் முடிந்து நன்னிலத்தில் இறங்கியதும் நேராக அஹமது கபீர் டீக்கடைக்குப் போனார்.

"அதுல உங்க பொண்ணு யாரு?" என்றார் கதையைக் கேட்ட கபீர்.

"யாரும் இல்ல பாய். நம்ம ஊரு ஜெயிச்சிருக்கு, வெளிய வாங்க."

அடுத்த பஸ் வரும்போது டீக்கடை, பூக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து ஐம்பது பேர் நின்றார்கள். இறங்கிய பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ மாலை போட்டார்கள், யாரோ வெடி கொளுத்தினார்கள். வானதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கோப்பையைத் தமிழ்மாறன் கையில் வைத்தாள்.

"தூக்குங்க சார்."

யூனிபார்ம் சட்டை கசங்க, அவர் அதைத் தலைக்கு மேலே தூக்கினார்.