கருங்கல் கிணற்று மீன்

அண்ணன் கிருஷ்ணமணி போன் செய்தபோது சுனிதா பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் ஒரு மீனின் மூளைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டுக் குகையில் வாழும் மீன்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கண் எப்படி இல்லாமல் போனது, எந்த மரபணுக்கள் மாறின, பார்வைக்கென்று இருந்த மூளைப் பகுதி இப்போது என்ன செய்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. மீன்கள் மெக்சிகோ இனம்.

"ஏட்டி, நம்ம கெணத்துல தூர் வாரினோம். வாளியில ஒரு மீனு வந்திருக்கு. வெரல் நீளம், செவந்த நெறம். கண்ணே இல்ல. ஒனக்க வேலையும் இதுதானே?"

சொந்த ஊரான கருங்கலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணன், அவளுடைய வேலையைப் பற்றிப் பேசியது அதுவே முதல் தடவை. அவளுக்கோ மறுநாள் அனுப்பவேண்டிய கட்டுரை முடியாமல் கிடந்தது.

"விலாங்குக் குஞ்சா இருக்கும் அண்ணா. பொறவு கூப்பிடுதேன்."

கூப்பிடவில்லை. அவன் மீனைக் கண்ணாடிப் பாட்டிலில் விட்டு, படம் எடுத்து அனுப்பினான். ஒரு வாரம் கழித்து, செத்துப்போச்சு என்று செய்தி வந்தது. அதற்கும் அவள் பதில் எழுதவில்லை.

அடுத்த வருடம், அவன் மகளின் கல்யாணம் நெருங்கியபோது மறுபடியும் போன். "ரேஷ்மி கல்யாணத்துக்கு முத்தத்துல பந்தல் போடணும். போர் போட்டாச்சு, கெணற மூடட்டா? ஒனக்கும் பங்குள்ள எடம், அதான் கேக்கேன்."

அவள் ஒரு கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். "ஒங்க இஷ்டம்போல செய்யுங்க அண்ணா."

கல்யாணத்துக்கு வந்து, அந்தப் பந்தலின் கீழ் நின்று எல்லோரோடும் படம் எடுத்துக்கொண்டாள். காலடியில் புதுத் தரைக்கல் பதித்திருந்ததைக் கவனிக்கவில்லை.

கொச்சியில் நடந்த ஒரு கருத்தரங்கில்தான் விழித்துக்கொண்டாள். கேரளத்துக் கிணறுகளில், செம்பாறைக்கு அடியில் ஓடும் நீரிலிருந்து எப்போதாவது மேலே வரும் மீன்களை ஒருவர் திரையில் காட்டினார். சிவப்பு, விரல் நீளம், கண் இல்லை. சுனிதா நாற்காலியில் இருந்தபடியே போனில் பழைய படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினாள். வாயோரம் மீசை தெளிவாகத் தெரிந்தது. திரையில் கண்ட எந்த மீனுக்கும் அப்படி நீண்ட மீசை இல்லை.

அன்றே ரயில் ஏறினாள். கிணறு இருந்த இடத்தில் ரேஷ்மி கணவனின் கார் நின்றது.

"செத்த மீன என்ன செய்தீங்க அண்ணா?"

அவன் வாழையின் அடியைக் காட்டினான். "வாழ மூட்டுல குழிச்சு மூடினேன். நீ ஒண்ணும் சொல்லலியே."

அந்த வாரம் முழுக்க அவன் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, ஸ்கூட்டரில் அவளை வீடு வீடாக அழைத்துப் போனான். இன்னும் மூடாத கிணறுகளில் வலை இறக்கினார்கள். ஒன்றும் சிக்கவில்லை. தண்ணீரை வடிகட்டி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய்ச் சோதித்ததில், ஒரே ஒரு கிணற்று நீரில் ஒரு மீனின் மரபணுத் துணுக்கு கிடைத்தது. அறிந்த எந்த மீனோடும் அது பொருந்தவில்லை.

அவள் போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு அவன், "அத வச்சு அதுக்க மூளைய பாக்க முடியுமா?" என்றான்.

"முடியாது. முழு மீன் வேணும்."

"தப்பு எனக்கதாக்கும் ஏட்டி. இன்னொருக்கா ஒன்னட்ட கேட்டிருக்கணும்."

"நீங்க கேட்டீங்க அண்ணா. நான்தான் காது குடுக்கல."

கடையில் ஆள் வந்திருக்கிறது என்று சொல்லி அவன் போனை வைத்தான்.

இப்போது விடுப்பு கிடைக்கும்போதெல்லாம் சுனிதா ஊருக்கு வருகிறாள். அண்ணன் வலை பிடிக்கிறான். அந்த மீன் மறுபடி அகப்படவே இல்லை.