இடது மூலைக் கிழங்கு

எனக்குக் கோபம் வந்து பதினொரு மாதம் ஆகிறது. இன்னும் போகவில்லை. போக நானும் விடவில்லை. ஓய்வுபெற்றவளுக்கு வேறென்ன வேலை? காலையில் கோழிக்குத் தீனி, தக்காளிக்குத் தண்ணீர். அப்புறம் உட்கார்ந்து அந்தக் கோபத்தை எடுத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்துவிடுவேன்.

நான் நியாமோயோ. ரும்பியில் முப்பத்தாறு வருஷம் இரண்டாம் வகுப்பு எடுத்தவள். இந்த ஊரில் பெருக்கல் தெரிந்தவன் எவனும் என்னிடம் காதைத் திருகக் கொடுத்தவன்தான். பாதிரியார், மினிபஸ் கண்டக்டர், ஜெயில் வார்டன், ஜெயிலுக்குள் இருக்கும் நான்கு பேர், எல்லாரும் அடக்கம்.

கோபத்துக்குக் காரணம் ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கு.

நான் ஓய்வுபெற்றதும் என் வகுப்பு லுசுங்குவுக்குப் போனது. அவளுக்கு வயது இருபத்தெட்டு. பிள்ளைகள் நூற்று முப்பத்தேழு. பாடப்புத்தகம் ஒன்பது, அதில் ஒன்றுக்கு அட்டை மட்டும்தான் உண்டு, உள்ளே எதுவும் கிடையாது. அந்த வருஷம் பள்ளியில் புது வகுப்பறை கட்டினார்கள். காலி சிமெண்ட் பைகள் மலைபோலக் குவிந்தன. நியிகா மலையே அதைப் பார்த்துக் கொஞ்சம் கூசியது என்றுதான் சொல்வேன். பையைப் பிரித்தால் உள்ளே சுத்தமான பழுப்புத் தாள் வரும். அதில் நாங்கள் இரண்டு பேரும் பயிற்சித்தாள் எழுதினோம். ஒரு நாள் மொழிப்பாடம், ஒரு நாள் கணக்கு. மாம்பழம், ஏரி மீன், ஆடு எல்லாம் வரைந்தது நான். என் கையில் ஆடும் நாயும் ஒன்றுபோலவே வரும். அதனால் ஆட்டுக்குக் கொம்பை ஒரு முழம் நீட்டிவிட்டேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு தாள்.

சிமெண்ட் பைத் தாள் மற்ற எல்லாப் பக்கமும் அடங்கிக் கிடக்கும். பையின் மடிப்பு இருந்த இடது கீழ்மூலை மட்டும் பாம்புக்குட்டிபோலத் தலையைத் தூக்கும். லுசுங்கு வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, இடது கைப் பெருவிரலால் அந்த மூலையை அழுத்தியபடி படம் எடுப்பாள். எல்லாப் படத்திலும் மூலையில் அவள் விரல் இருக்கும். லேசில் மறக்கிற விரல் அல்ல அது. பத்து வயதில் கரும்பு வெட்டும்போது கத்தி பட்டு, நகத்தோரம் ஒரு துண்டு போய்விட்டது. எலி கடித்ததுபோல ஒரு பள்ளம்.

படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். எங்கள் பக்கத்து வாத்தியார்கள் வாட்ஸ்அப் மட்டும் ஓடுகிற டேட்டாவைத்தான் போட்டுக்கொள்வார்கள். அதில் வேறு எந்தத் தளமும் திறக்காது. ஆசிரியர் மையத்தின் ஆலோசகர் லுஹாங்கா, ஊருக்கு வெளியே இருப்பவர்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்று, மையத்தின் இலவச இணையப் பக்கத்திலும் எல்லாவற்றையும் ஏற்றினார். முதல் தாளில் என் கையாலேயே எழுதியிருந்தேன்: "எடுங்கள். மாற்றுங்கள். கொடுங்கள். பூட்டி மட்டும் வைக்காதீர்கள்."

பூட்டினார்கள்.

தலைநகரிலிருந்து ஒரு கல்வி நிறுவனம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு கடிதம் வரும். உங்கள் பக்கத்தை நாங்கள் பராமரிக்கிறோம் என்றார்கள். லுஹாங்கா பாவம், தலையாட்டிவிட்டார். மூன்று மாதத்தில் எங்கள் பக்கம் மறைந்து, அவர்களுடைய தளம் முளைத்தது. கண்ணைப் பறிக்கிற வண்ணம். நெற்றியில் 'இலவசம்' என்று கொட்டை எழுத்து. திறக்க மட்டும் ஒரு ரகசிய எண் வேண்டும். பள்ளிக்கு ஒன்று, அது தலைமையாசிரியர் சட்டைப் பையில் இருக்கும். முழு டேட்டாவும் வேண்டும். நான் எழுதிய அந்த நான்கு வரியைக் காணவில்லை.

அதுகூடப் பொறுத்திருப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கடுத்து வந்ததுதான் உச்சம்.

ஒரு புதன்கிழமை லுசுங்கு என் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு கடிதம்.

"மேடம், நான் திருடியாம்."

வாங்கிப் படித்தேன். நிறுவனத்துக்குச் சொந்தமான பாடங்களை அனுமதி இல்லாமல் கையால் நகலெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புகிறாளாம். வெள்ளிக்கிழமை மையத்தில், எல்லா ஆசிரியர்கள் முன்னாலும் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் மாற்றச் சொல்லி மேலே எழுதுவார்கள்.

நான் போட்ட சத்தத்தில் கோழிகள் மூன்று நாள் முட்டையிடவில்லை.

"போட்டுடலாம்னு பாக்குறேன் மேடம்" என்றாள் லுசுங்கு. "நான் போயிட்டா அந்த நூத்தி முப்பத்தேழு புள்ளைங்கள யாரு பாப்பா? புது டீச்சர் வர ஒரு வருஷம் ஆகும்."

"போட்டா மட்டும்? அப்புறம் ஒரு தாளையாவது அனுப்ப முடியுமா உன்னால? எதை வெச்சுப் பாடம் நடத்துவ, என் மூஞ்சிய வெச்சா?"

"உங்க மூஞ்சியக் காட்டுனா புள்ளைங்க பயந்தே படிச்சிடும்."

சொல்லிவிட்டு அழுதாள். இந்தப் பெண்ணுக்கு அழும்போதும் வாய் நிற்காது.

எதைத் திருடினோம் என்று பார்த்துவிடலாமே என்று, தலைமையாசிரியரிடம் ரகசிய எண்ணைப் பிடுங்கி என் போனில் அந்தத் தளத்தைத் திறந்தோம். பதினான்காம் தாள் வந்தது. என் மாம்பழங்கள் ஆறு, அப்படியே, ஆனால் நல்ல ஓவியர் வரைந்ததுபோல. 'படத்தில் எத்தனை மாம்பழங்கள் உள்ளன?' என் கேள்விதான். இடது கீழ்மூலையில் ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கு.

"நீ கிழங்கு வரஞ்சியா?"

"நீங்கதான மேடம் வரைவீங்க."

அடுத்த தாள். ஆடுகள், முழக்கொம்போடு. மூலையில் கிழங்கு. மீன், கூடவே கிழங்கு. மொழிப்பாடத்தில் தண்ணீர் எடுக்கப் போகிற பெண், அவள் காலடியிலும் கிழங்கு. எந்த ஊரில் ஆற்றங்கரையில் கிழங்கு தனியாக உட்கார்ந்திருக்கிறது? விடைப்பட்டியலைத் திறந்தேன். பதினான்காம் தாள்: ஏழு. ஆறு மாம்பழம், ஒரு கிழங்கு.

லுசுங்கு போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். பிறகு தன் இடது கைப் பெருவிரலைத் திரைமேல் வைத்தாள். கிழங்கின் ஓரத்தில் எலி கடித்ததுபோல ஒரு பள்ளம். விரலின் ஓரத்திலும் அதே பள்ளம். நகத்தைத் தோலுரித்த இடமாக நினைத்து, அந்த ஓவியர் வெளிர் மஞ்சள் தீட்டியிருந்தார்.

நான் சிரித்த சிரிப்பில் ருக்குரு ஆறு கரைபுரண்டது. சிரித்து முடித்தபோது முன்னைவிட இரண்டு மடங்கு கோபம் வந்தது. ஏனென்றால் பிறகுதான் எனக்கு உறைத்தது: அந்தத் தளத்தைப் பயன்படுத்துகிற பள்ளிகளில் ஆறு என்று சரியாக எண்ணிய பிள்ளைக்குத் தப்புப் போட்டிருப்பார்கள்.

இரண்டு நாள் உட்கார்ந்து ஒன்பது பக்கத்துக்கு உரை எழுதினேன். அதில் நான்கு பக்கம் வெறும் திட்டு.

வெள்ளிக்கிழமை மையத்தில் அறுபது ஆசிரியர்கள் கூடியிருந்தார்கள். தலைநகரிலிருந்து கலிலோம்பே என்பவர் வந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை. எங்கள் சாலையில் ஏழு மணி நேரம் வந்தும் கலையவில்லை என்றால் ஆளைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மேசைமேல் மன்னிப்புக் கடிதம். அதோடு, எதை நகலெடுத்தாள் என்று காட்ட, அவர்களுடைய பதினான்காம் தாளை வண்ணத்தில் அச்சடித்துச் சேர்த்திருந்தார்கள்.

நான் எழுந்து தொண்டையைக் கனைத்தேன்.

"மேடம், நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க" என்றார் லுஹாங்கா, தரையைப் பார்த்தபடி. "இன்னிக்கி வேலையில இருக்கறவங்க மட்டும்தான் பேசலாம்."

"லுஹாங்கா, உங்களுக்கு ஏழாம் வாய்ப்பாடு வரவெச்சதே நான்தான்."

"இன்னும் சரியா வரல மேடம். தயவுசெஞ்சு உக்காருங்க."

லுசுங்கு எழுந்தாள். "சார், அந்தத் தாள் நாங்க எழுதுனது. நான் எடுத்த படத்தப் பாத்துத்தான் உங்க ஆளு வரஞ்சிருக்காரு."

கலிலோம்பே பொறுமையாகச் சிரித்தார். "இதத்தாம்மா எல்லாரும் சொல்றாங்க. வாட்ஸ்அப்ல கை மாறி வந்த படத்துக்கு ஏது தேதி? எங்களோடதப் பாத்து நீங்க வரஞ்சீங்கன்னு நான் சொல்றேன். மொத மொத எடுத்த போன் எங்க?"

"ஆத்துல விழுந்துடுச்சு."

"தாளு?"

"கரையான் தின்னுடுச்சு."

"பாத்தீங்களா?" என்று சபையைப் பார்த்துக் கையை விரித்தார். "யார் மேலயும் எங்களுக்குக் கோபம் இல்ல. ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

பின்வரிசையில் ம்ஹாங்கோ எழுந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர். அந்தத் தளத்தை ஒழுங்காகப் பயன்படுத்திய ஒரே நல்ல மனுஷன். "சார், ஒரு சந்தேகம். மூணு மாசமா உங்க விடைப்பட்டியல வெச்சுத்தான் திருத்துறேன். இப்ப என் புள்ளைங்க எதைக் கேட்டாலும் ஒண்ணு கூட்டிச் சொல்லுது. ரெண்டும் ரெண்டும் அஞ்சுங்குது. கேட்டா, 'கிழங்கையும் சேத்து சார்'ங்குது."

கூரைத் தகரம் ஆடுகிற சிரிப்பு. கலிலோம்பே மட்டும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. ம்ஹாங்கோவின் பிள்ளைகள் எண்பது பேர். மூன்று மாதம்.

"கையெழுத்து" என்றார் கலிலோம்பே, பேனாவை நீட்டி.

"மை டப்பா இருக்கா?" என்று கேட்டாள் லுசுங்கு.

"எதுக்கு?"

"கைநாட்டு வெக்க."

"நீங்க டீச்சர் இல்லையா? கையெழுத்துப் போடத் தெரியாதா?"

"என் கையெழுத்தத்தான் நீங்க அழிச்சிட்டீங்களே சார். கைநாட்டு மட்டும்தான் மிச்சம் இருக்கு."

மையத்தின் முத்திரைக்கு வைத்திருந்த மை டப்பாவை லுஹாங்காவே எடுத்துக் கொடுத்தார். லுசுங்கு இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தினாள். மன்னிப்புக் கடிதத்தைத் தொடவே இல்லை. அந்த வண்ணத் தாளை இழுத்து, இடது கீழ்மூலையில், அச்சடித்த கிழங்கை ஒட்டினாற்போல விரலை வைத்து எடுத்தாள்.

அதே அகலம், அதே சாய்வு. ஓரத்தில் எலி கடித்த அதே பள்ளம், அதே இடத்தில்.

தாள் வரிசை வரிசையாகக் கைமாறியது. முதலில் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை. அறுபது பேர் ஒரே நேரத்தில் மௌனமாகக் கோபப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். மண்டபம் சூடாகி, மெழுகுவர்த்திகள் அலமாரியிலேயே உருகிவிட்டன. சத்தியமாக.

கடைசியாகத் தாள் லுஹாங்காவிடம் வந்தது. கிழங்கைப் பார்த்தார், கைநாட்டைப் பார்த்தார், லுசுங்குவின் மை படிந்த விரலைப் பார்த்தார்.

"இது கிழங்கில்ல சார்" என்றார்.

"ஓவியர் செஞ்ச சின்னப் பிழை" என்றார் கலிலோம்பே. நெற்றியில் முதல் முறையாக வியர்வை. "நாளைக்கே அந்தக் கிழங்க எடுத்துடச் சொல்றேன்."

"கிழங்கு இருக்கட்டும் சார்" என்றாள் லுசுங்கு. "பூட்ட எடுங்க."

"அது என் கையில இல்லம்மா. மேலிடம்..."

லுஹாங்கா மன்னிப்புக் கடிதத்தை நான்காக மடித்துக் கலிலோம்பேயின் கையில் வைத்தார். "மாத்தச் சொல்லி எழுதறதுக்கு என் கையெழுத்தும் வேணும் சார். அது கிடைக்காது." வண்ணத் தாளைத் தன் கோப்புக்குள் வைத்து, கோப்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

லுசுங்கு தன் இடத்துக்குத் திரும்பிப் போனை எடுத்தாள். பதினான்காம் தாள், பழைய படம், விரலோடு, குழுவில் போனது. ஒரு போன் மணியடித்தது. பிறகு ஐந்து. பிறகு மழைக்காலத் தவளைகள்போல மண்டபம் முழுக்க. பதினைந்தாம் தாள், பதினாறாம் தாள் என்று அனுப்பிக்கொண்டே இருந்தாள். லுஹாங்காவின் சட்டைப் பையும் மணியடித்தது. அவர் அதை அணைக்கவில்லை.

கலிலோம்பே தன் காரை நோக்கி நடக்கும்போது சட்டை முதுகில் கசங்கியிருந்தது.

அவ்வளவுதான், ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். லுசுங்கு தன் வகுப்பிலேயே இருக்கிறாள், அதில் சந்தோஷம். அந்தத் தளம் இன்றும் பூட்டியே இருக்கிறது. 'இலவசம்' என்ற எழுத்தை இன்னும் பெரிதாக்கியிருக்கிறார்கள். கிழங்கை எடுத்துவிட்டார்கள், விடையை மாற்ற மறந்துவிட்டார்கள். ஆறு மாம்பழம், விடை ஏழு. ஒவ்வொரு திங்களும் நான் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். அந்த ஒன்பது பக்க உரையில் இன்னும் இரண்டு பக்கத் திட்டு மிச்சம் இருக்கிறது.

எங்கள் குழுவில் இப்போது புதுத் தாள்கள் வருகின்றன. ம்ஹாங்கோ கழித்தல் கணக்கு எழுதுகிறார். பிள்ளைகளிடமிருந்து அந்த ஒன்றைத் திரும்ப வாங்க வேண்டுமே. அவர் எழுதுவது நல்ல வெள்ளைத் தாளில். அது சுருளாது, யாரும் பிடிக்கத் தேவையில்லை. இருந்தாலும் ஒவ்வொரு படத்திலும் இடது கீழ்மூலையில் அவர் பெருவிரல் இருக்கிறது, சுண்ணாம்புக்கட்டித் தூளோடு. மற்றவர்களும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். ஒரு விரலில் நகச்சாயம், ஒன்றில் தையல் ஊசி குத்திய புள்ளி, ஒன்றில் மீன் செதில்.

நேற்று நானும் ஒரு தாள் அனுப்பினேன். ஆடுகள். லுசுங்கு பதில் எழுதியிருந்தாள்: "மேடம், விரலைக் கொஞ்சம் மெதுவா வைங்க. தாள் கிழிஞ்சிருக்கு."