தையல்காரன் வாங்கிய சைக்கிள்

என் மனைவிக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் மோட்டார் பார்க்கும் வேலை. தார்ச்சாலை முடிந்த பிறகு நாலு கிலோமீட்டர் வெறும் சரளைக்கல். ஒரே மாதத்தில் இரண்டு தடவை சைக்கிளோடு சறுக்கி விழுந்து, முழங்கையில் தோலுரிந்து வந்தாள்.

"இன்னொரு தடவை விழுந்தா வேலையை விட்டுடுவேன்" என்றாள்.

ஆசைப்பட்டு, பரீட்சை எழுதி வாங்கிய வேலை. விடலாமா? அவளுக்குத் தெரியாமல் நல்ல சைக்கிளாக ஒன்று வாங்கி நிறுத்திவிடுவது என்று கிளம்பினேன். நான் தையல்காரன். துணியைத் தொட்டாலே தரம் சொல்வேன். சைக்கிளில் எனக்குத் தெரிந்தது மணி அடிப்பது மட்டும்தான்.

மச்சினனைக் கேட்டேன். "டயர் தடியா இருக்கணும் மாமா. மத்ததெல்லாம் சும்மா."

தபால்காரரைக் கேட்டேன். "தடி டயரை மிதிச்சு மிதிச்சு முட்டி தேஞ்சுடும். நடுத்தரமா பாருங்க. காத்தைக் கொஞ்சம் கம்மியா வைங்க."

எதிர்க்கடை வெல்டர் கேட்காமலேயே வந்தார். "இரும்பு பிரேம்தான் வாங்கணும். உடைஞ்சா நான் ஒட்டித் தர்றேன்."

அட, உடைவதற்கா ஒருவன் வாங்குவான்? ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் மண்டை காய்ந்துவிட்டது. இரண்டு நாளாக ஊசியில் நூல்கூட ஒழுங்காகக் கோக்க வரவில்லை.

பழைய சைக்கிள் கடையில் இன்னும் மோசம். முன்பக்கம் ஸ்பிரிங் வைத்தது வாங்கினால் குலுங்காதாம். மலிவு ஸ்பிரிங் என்றால் வெறும் கனம்தானாம். இரண்டையும் சொன்னது அதே கடைக்காரர்.

"அப்போ எதைத்தான்யா வாங்கறது?" என்று கத்தியே விட்டேன்.

அவர் அசரவில்லை. "ஓட்டறவங்க கால் உள்ளளவு, கவட்டிலேர்ந்து பாதம் வரைக்கும், என்ன?" என்றார்.

அப்பாடா! பதில் தெரிந்த ஒரு கேள்வி. அவளுடைய வேலைச் சீருடையைத் தைப்பவனே நான்தான். "முப்பது இஞ்ச்" என்றேன், யோசிக்காமல். அதற்கேற்ற ஒன்றைக் காட்டினார். நடுத்தர டயர், இரும்பு பிரேம், ஸ்பிரிங் கிடையாது, விலையும் கட்டுப்படியானது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டி வந்தேன்.

வாசலில் அவள் ஏறிப் பார்த்தாள். சீட்டை அடியோடு இறக்கியும் கால் ஊன்ற முடியவில்லை. நுனிவிரல்தான் தரையைத் தடவியது.

"என் அளவு என்னன்னு சொன்னீங்க?"

"முப்பது."

"இருபத்தெட்டுங்க!"

மடிப்புக்கு இரண்டு இஞ்ச்! பேன்ட் வெட்டுகிற நினைப்பில் சேர்த்துச் சொல்லித் தொலைத்திருக்கிறேன். இருபது வருஷப் பழக்கம். அவள் சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை.

"டயரு, பிரேமுன்னு ஊரையே கேட்டீங்களே, நான் ஏன் விழுந்தேன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? பழசும் இதே உயரம்தாங்க. சறுக்கினப்போ கால் ஊனத் தரை எட்டலை."

அந்தப் பழசையும் அளவு சொல்லி வாங்கி வந்தவன் நான்தான். அவள் முழங்கைப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

"இத்தனை நாள் ஏம்மா சொல்லலை?"

"அவ்வளவு ஆசையா வாங்கிட்டு வந்து நிறுத்தினீங்க. எப்படிச் சொல்றது?"

சைக்கிளை மெதுவாகத் திருப்பினேன். "வா, கடைக்குப் போகலாம்" என்றேன். "நீ ஏறிப் பாரு, நீ சொல்லு. நான் வாயைத் திறக்க மாட்டேன்."