ஆர்டித் அம்மாள் ஏறினால் நீளும் சாலை

ஆர்டித் சோலம் அம்மாள் காரில் ஏறி உட்கார்ந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை எண்பது மைல் கூடிவிடும். நார்டால் ஊரில் மற்ற எல்லோருக்கும் அது முப்பத்தொரு மைல்தான். அம்மாளின் எண்பத்து நான்காம் வயதில், லைசென்ஸ் பறிபோன அதே வசந்தத்தில் இது ஆரம்பித்தது. தேவாலய வாசலில் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பாதிரியாரின் தபால் பெட்டியைச் சாய்த்திருந்தார். பிறகு கண் பரிசோதனையிலும் தேறவில்லை. மகன் வந்து வண்டியை விற்றுவிட்டுப் போனான். நாற்பது வருடம் அறுவடைக்காலத்தில் சர்க்கரைப் பீட்ரூட் லாரி ஓட்டிய அம்மாள், அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு இன்னொருவர் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு போகவேண்டியதாயிற்று.

கார் ஓட்ட முடியாத முதியவர்களைச் சம்பளமில்லாமல் ஏற்றிப்போக அந்த வட்டாரத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். நான்கு பேர் அம்மாளை ஏற்றிப் பார்த்துவிட்டு முதுகுவலி, பேரன் கல்யாணம் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்; விஷயம் கேள்விப்பட்டு மற்றவர்களும் பின்வாங்கினார்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வரவேண்டிய தானியக் கிடங்கு வராது. சூரியகாந்தி வயல் வரும், பெயரில்லாத வெள்ளைத் தேவாலயம் ஒன்று வரும், மறுபடி சூரியகாந்தி வரும். எதிரே ஒரு வண்டி வராது. திரும்பும்போது மட்டும் சாலை ஒழுங்காக முப்பத்தொரு மைலில் முடிந்துவிடும். சிகிச்சையில் துவண்ட அம்மாள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவார்.

கடைசியில், இந்த ஓட்டுநர்களை முறைவைத்து அனுப்பும் ஜாய்ஸ், அவர்களில் ஒருவரான மெர்லின் ஹாகனைக் கூப்பிட்டாள். அறுபத்தொன்பது வயது, மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், முடியாது என்று சொல்லவராத வாய். இரண்டு வருடம் அவர்தான் ஓட்டினார். பனிக்காலத்தில் ரொட்டியை நின்றபடியே மென்று, காலணியைக் கழற்றாமலே படுத்து எழுந்தார். ஏன் நீள்கிறது என்று கேட்பதை முதல் வருடத்திலேயே விட்டுவிட்டார். கேட்கவும் தெம்பு வேண்டும்.

மூன்றாம் வருட அக்டோபரில் ஒரு காலை, பாலம் தாண்டிப் பதினாறாம் மைலில், மெர்லின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். கார் சாலையை விட்டிறங்கி, காய்ந்த சூரியகாந்தித் தலைகளை மடமடவென்று முட்டிக்கொண்டுபோய் நின்றது.

"செத்துட்டோமா?" என்றார் அம்மாள்.

"இல்ல."

"அப்ப வண்டிய எடு. பதினோரு மணிக்கு ஊசிய வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க."

மெர்லின் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "என்னால இனி ஆகாது, ஆர்டித். உங்களக் கொன்னுபுடுவேன். வேற ஆளப் பாக்கச் சொல்றேன்."

"வேற ஆளு யாரு இருக்கா?"

மெர்லின் யோசித்தார். "யாருமில்ல."

டயாலிசிஸை விட்டவர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அம்மாள் கதவைத் திறந்து, காரைப் பிடித்துப் பிடித்துச் சுற்றி நடந்து, அவர் பக்கத்துக் கதவருகே வந்து நின்றார்.

"நகருப்பா."

"உங்களுக்கு லைசென்ஸ் கிடையாதே."

"யாரு கேக்கப்போறா? இந்த ரோட்டுல இத்தன நாளா ஒரு மாட்டக் கண்டோமா?"

"கண்ணு?"

"ரோடு நூல் புடிச்ச மாதிரி போகுது. வளைஞ்சா எழுப்பறேன்."

வாதாட மெர்லினுக்குச் சக்தியில்லை. நகர்ந்து உட்கார்ந்தார். அம்மாள் சீட்டை முன்னே இழுத்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், வயலிலிருந்து பின்னோக்கி எடுத்து ஒரே திருப்பில் சாலையில் ஏற்றினார். அதற்குமேல் மெர்லின் பார்க்கவில்லை. மனைவி இறந்த பிறகு அப்படியொரு தூக்கம் அவருக்கு வந்ததில்லை. அறுபத்து நாலு மைல் தூங்கினார். யாரோ தோளைத் தட்டினார்கள்; கார் ஓரமாக நின்றிருந்தது, அம்மாளின் முகம் உற்சாகத்தில் சிவந்திருந்தது.

"கிடங்கு தெரியுது. எந்திரி. இனிமே சட்டம் இருக்கு."

மெர்லினுக்குப் பொய் வராது. ஜாய்ஸிடம் சொன்னார், ஜாய்ஸ் பயந்துபோய் வட்டாரப் போலீஸ் தலைவரான ஷெரீஃபிடம் சொன்னாள். ஷெரீஃப் வரைபடத்தை விரித்துப் பாலத்துக்கும் கிடங்குக்கும் நடுவே விரலை வைத்தார். அங்கே விரல் அகலத்துக்குக்கூட இடமில்லை. "என் எல்லையில இல்லாத ரோட்டுல யாரு ஓட்டினா எனக்கென்ன?" என்று சொல்லி மடித்துவைத்துவிட்டார். அன்றிலிருந்து ஜாய்ஸின் பதிவேட்டில் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் இப்படி இருக்கும்: பாலம் முதல் கிடங்கு வரை, ஓட்டுபவர் ஆர்டித் சோலம், வயது எண்பத்தாறு, பயணி மெர்லின் ஹாகன், வயது எழுபத்தொன்று. அடுத்த வருடம் இரண்டு வயதையும் ஒன்று கூட்டி எழுதினாள். மெர்லின் வீட்டிலிருந்து ஒரு தலையணை கொண்டுவந்து காரிலேயே போட்டுவைத்தார்.